வெர்னா சுண்டிப் பார்த்த கோப்பைகள்

வெர்னாவை டீக்குக் கூப்பிட்டால் ஒரு ஆபத்து உண்டு. கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினால் கேக்கைப் பார்க்க மாட்டாள், தட்டைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பாள். எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் வீட்டில் அப்படித்தான் தூக்கினாள். கிரீம் கேக் வழுக்கிக்கொண்டு போய் அவருடைய கால்சட்டையில் உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்டாளா என்றால் அதுதான் இல்லை. "கவலப்படாதீங்க ஃபாதர், தட்டு நல்ல போன் சைனாப் பீங்கான்தான்" என்று அவரைத் தேற்றிவிட்டு வந்தாள்.

இவள் என் தம்பி ஆல்பியின் மனைவி. கல்யாணமாகி எங்கள் ஊரான பின்ஜரினுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி சாப்பிடுவாள், நடந்தபடி டீ குடிப்பாள். அறுவடைக் காலத்தில் கோதுமை வண்டி ஓட்டுவாள். ஆட்டுக்கு மயிர் வெட்டும் நாளில் பத்துப் பேருக்குச் சமைப்பாள். இரண்டும் இல்லாத நாளில் ஜன்னல் துடைப்பாள். எங்கள் ஊர்த் தூசிக்கு ஜன்னல் துடைப்பதும் ஒன்றுதான், ஆற்றில் மாவு கரைப்பதும் ஒன்றுதான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

ஊர் மண்டபத்து அலமாரிச் சாவி அவளிடம்தான் இருந்தது. கல்யாணமோ, சாவோ, கிரிக்கெட் ஆட்டமோ, தீயணைப்புக் குழுக் கூட்டமோ, பின்ஜரினில் எது நடந்தாலும் கடைசியில் மண்டபத்தில் டீ உண்டு. அத்தனை கோப்பையும் தட்டும் அந்த ஒரே அலமாரியில். அந்தச் சாவி எப்படி அவள் கைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கீறல் விட்ட கோப்பை ஒன்று, கொதிக்கிற டீயோடு இரண்டாகப் பிளந்தது. டீ கொட்டியது டாஃப்னி ஹாக்கிங்கின் மகள் மேல். குழந்தைக்கு அப்போது மூன்று வயதுகூட இருக்காது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. டாஃப்னி அப்போதும் பெண்கள் கமிட்டித் தலைவி, இப்போதும் அவள்தான். அன்றைக்கு அழுத கண்ணோடு சாவியைக் கழற்றி வெர்னா கையில் கொடுத்தாள். "இனிமே இந்த மண்டபத்துல யாரு மடியிலயும் ஒரு கப் உடையாது டாஃப்னி" என்றாள் வெர்னா. இருபது வருஷம் உடையவில்லை.

அலமாரியில் மேல் தட்டு போன் சைனா என்கிற மெல்லிய, உயர்ந்த ரகப் பீங்கானுக்கு. தங்க விளிம்பு வைத்தது, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் நிழலாகத் தெரியும். அது மணமக்கள் மேஜைக்கும், சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கும் மட்டுந்தான். மற்றவன் கவர்னரே ஆனாலும் நடுத்தட்டுதான். நடுத்தட்டில் பச்சைக் கோடு போட்ட வெள்ளைக் கோப்பைகள், ஓட்டல்காரர்கள் வாங்குகிற தடித்த பீங்கான். கீழ்த்தட்டில் பழுப்பு நிற மண் டீப்பானைகளும் 'பை' என்கிற பலகாரம் சுடுகிற மண் தட்டங்களும். ஓரமாக அநாதைத் தட்டுகள் கொஞ்சம். விருந்துக்குத் தின்பண்டம் கொண்டுவருகிறவர்கள், தட்டின் அடியில் மருந்துப் பிளாஸ்டரை ஒட்டி அதில் பெயர் எழுதிவிடுவார்கள். அப்படியும் தட்டை மறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிளாஸ்டர் பசையை யூகலிப்டஸ் தைலம் போட்டுத் துடைத்து, தட்டை அவரவர் வாசலில் வைத்துவிட்டு வருவாள் வெர்னா.

பாத்திரம் கழுவப் போனால், நாத்தனாரான நானும் அவளிடம் திட்டு வாங்காமல் திரும்ப முடியாது.

"ஏ ஓல்வின், தங்க விளிம்புல சோடா மாவு போட்டுத் தேய்ச்சே, விரலை ஒடிச்சிருவேன். டீக்கறை போறதுக்கு சோடா நடுத்தட்டுக் கப்புக்குத்தான். இதுக்கு வெதுவெதுன்னு தண்ணி, மெத்துன்னு துணி, அவ்ளோதான்."

"சரி தாயே."

"கைப்பிடியில கொக்கி போட்டு மாட்டாதே. அதான் அதுக்குக் கழுத்து. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதே. தட்டுக்கு நடுவுல ஃபிளானல் துணி வை. ஐயோ, அந்த மண் தட்டத்தை யாரு தண்ணியில ஊறப் போட்டது?"

"நான்தான். அடி பிடிச்சிருந்துது."

"பூச்சு விட்டுப்போன எடத்துல நாக்கை வெச்சுப் பாரு, ஒட்டிக்கும். அவ்ளோ தாகம் அதுக்கு. ராத்திரி பூரா தண்ணி குடிச்சிட்டு நாளைக்கு அடுப்புக்குள்ள போனா வெடிக்காம பாட்டா பாடும்?"

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கடைசியாக ஒரு வேலை செய்வாள் பாருங்கள், அதில்தான் எங்கள் பொறுமை போகும். துடைத்த கோப்பை ஒவ்வொன்றையும் கைப்பிடியில் தூக்கி, நகத்தால் சுண்டிக் காதோரம் பிடிப்பாள். 'டிங்' என்றால் அலமாரிக்கு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கீறல் இருக்கிறது என்று அர்த்தம், வாளிக்குப் போகும். விருந்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. நாங்கள் ஈரக் கையோடு நிற்போம். வீட்டில் குழந்தை அழும், மாடு கத்தும். அவளுக்கு அதைப் பற்றி என்ன? டிங், டிங், டிங்.

வறட்சி முடிந்த அடுத்த வருஷம் அது. அந்த வருஷம் வாளி நிரம்ப ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு விருந்துக்கு ஒரு கோப்பை போனால் பெரிது. இப்போது ஏழு, எட்டு என்று போயிற்று. "பீங்கானுக்கும் வயசாகுது" என்றாள் வெர்னா. முகம் மட்டும் சரியில்லை. சுண்டுவாள், முகத்தைச் சுளிப்பாள், மறுபடி சுண்டுவாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள், வருவாள், மறுபடி போவாள். அவள் அலைவதைப் பார்க்கிறபோது எனக்கே கால் வலித்தது.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. ஒரு நாள் என் சமையலறைக்கு வந்து நின்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"உன் தம்பி எங்கூடப் பேசறதில்ல."

"சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே. ஒரு வருஷமா வாயைத் தெறக்கறதில்ல. காலைல எந்திரிக்கிறாரு, போறாரு, வர்றாரு. என்னமோ முணுமுணுன்னு தனக்குத்தானே பேசிக்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது."

எனக்கு வந்ததே கோபம். நேரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவனைக் காலைப் பிடித்து இழுத்தேன்.

"டேய் ஆல்பி, வாய்ல என்ன கொழுக்கட்டையா? பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துரும்?"

"பேசறேன்க்கா" என்றான். என் தம்பி எப்போதும் அப்படித்தான், தொழுவத்தில் கன்று போட்ட மாட்டிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவான். "அவதான் பதில் சொல்றதில்ல. எம்மேல என்ன கோபமோ. நான் கேட்டாக் கேக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கறா."

ஆம்பிளைகள் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். செவிடன் காதில் ஊதின சங்கு, இவனிடம் போய்ச் சொன்னேனே என்று திரும்பி வந்துவிட்டேன். வாய்க்கு வந்த பழமொழியைச் சொன்னேனே ஒழிய, அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசிக்க எனக்கு மூளை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டாஃப்னியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையில் தழும்பு இருக்கிறதே, அதே பெண்தான். விருந்து மண்டபத்தில். ஊரே வரும். டாஃப்னி கோப்பை எண்ண வந்தாள், வெர்னா அலமாரியைத் திறந்தாள். நடுத்தட்டில் பாதி காலி.

"மத்ததெல்லாம் எங்க?" என்றாள் டாஃப்னி.

"கீறல் விட்டுடுச்சு."

"இத்தனையுமா? ஒரே வருஷத்துலயா?"

வெர்னா கதவைச் சாத்தினாள். பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள், போய்விட்டாள். டாஃப்னி விடுவாளா? சாயங்காலத்துக்குள் தபால் ஆபீஸ் வரை சேதி போய்விட்டது. புது செட் வாங்க வைப்பதற்காக வெர்னா வேண்டுமென்றே உடைக்கிறாள் என்றாள் ஒருத்தி. பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்க வீட்டுத் தட்டுல ஒட்டின பிளாஸ்டரைச் சொரண்டிச் சொரண்டி அவ நகமே தேஞ்சு போச்சு, நாக்கு அழுகிடும்டி" என்று அங்கேயே கத்திவிட்டேன். டாஃப்னி அசரவில்லை.

"ஓல்வின், எம்பொண்ணு கல்யாணம். எனக்கு நூறு கப் வேணும், ஒண்ணுலயும் கீறல் இருக்கக் கூடாது. சனிக்கிழமை காலைல கமிட்டி கூடுது. சாவியை எடுத்துட்டு வரச் சொல்லு."

வெர்னா வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை, தோட்டத்தில் இல்லை. ஆட்டுமயிர் வெட்டுகிற கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. டிங். டிங். உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளி பரப்புகிற நீள மேஜை முழுக்கப் பச்சைக் கோடு போட்ட கோப்பைகள். ஒன்றையும் உடைக்கவில்லை மகராசி. வரிசை வரிசையாக வைத்திருக்கிறாள். மேஜையைச் சுற்றி நடந்து நடந்து சுண்டிக்கொண்டிருந்தாள். நான் "வெர்னா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். என் நிழல் மேஜையில் விழுந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள்.

"இதெல்லாம் என்னடி?"

"செத்த கப்பு" என்றாள். "எல்லாம் செத்துப் போச்சு. தட்டி உடைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன், கை வரல. ஒண்ணு ரெண்டுன்னா சரி, இத்தனையுமான்னு மனசு அடிச்சுக்குது. காலைல வந்து பார்க்கறேன், சாயங்காலம் வந்து பார்க்கறேன். உசுரு வருமான்னு."

நான் ஒன்றை எடுத்துச் சுண்டினேன். கோயில் மணி மாதிரி கேட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் வீட்டு நாய் குரைத்தது தெரியாமல் அவள் அதன் வாலை மிதித்தது, போன் மணி அடித்தும் எடுக்காதது, சந்தையில் நான் கூப்பிடக் கூப்பிடப் போய்க்கொண்டே இருந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. கூடவே டிராக்டருக்கு அடியில் கிடந்த என் தம்பியும். எதிரே நின்று நாங்கள் போடுகிற சத்தம் எட்டிய காதுக்கு அவனுடைய மெதுவான பேச்சு எட்டவில்லை.

"கப்புக்கு ஒண்ணும் இல்ல வெர்னா" என்றேன்.

"தெரியும்" என்றாள். கையிலிருந்த கோப்பையை வரிசையில் வைத்தாள். பிறகு, "தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா யாருகிட்ட சொல்ல? காது போச்சுன்னா சாவி போச்சு. சாவி போச்சுன்னா நான் என்ன பண்றது? பேசாத மனுஷன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காரவா? எனக்கு உக்காரத் தெரியாது ஓல்வின். எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்றாள்.

அழுகையை அடக்க ஒரு கோப்பையைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அதன் கைப்பிடி காதுக்குப் பின்னால் எலும்பில் போய் முட்டியது. எனக்கோ அழுகை வந்தால் கோபமும் கூட வரும். "உனக்கென்னடி ஆச்சு, நல்ல கப்பைப் போய்ச் செத்துதுங்கற, இந்தா கேளு, கேளு!" என்று அவள் பிடித்திருந்த கோப்பையையே ஓங்கிச் சுண்டினேன்.

வெர்னா விறைத்துப்போய் நின்றாள்.

"இன்னொரு தடவை."

சுண்டினேன்.

"கேக்குது" என்றாள். "மண்டைக்குள்ள கேக்குது."

பிற்பாடு பெர்த் நகரத்தில் டாக்டர் சொன்னார், காதுக்குள் இருக்கிற துளியூண்டு எலும்பு இறுகிவிட்டதாம், மண்டை எலும்பு வழியாகப் போகிற சத்தத்துக்கு அது தடையில்லையாம். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மேஜையில் இருந்த ஒவ்வொரு கோப்பையையும் எடுத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்து, சுண்டி, "இது இருக்கு", "இதுவும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். மூக்கு ஒழுகுவதைக்கூடத் துடைக்கவில்லை.

நான் அப்போதே திட்டம் போட்டுவிட்டேன். "கறை போக சோடாவுல ஊற வெச்சிருந்தோம்னு சொல்லிருவோம். நீ வாயே தெறக்காதே. சாவி உங்கிட்டயே இருக்கும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, கேட்காமலே ஆட்டினாளா என்று எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை வரைக்கும் எனக்கும் தூக்கம் இல்லை. அவள் சமையலறை அலமாரியைக் காலி செய்து அடுக்கி, மறுபடி காலி செய்து அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

சனிக்கிழமை காலையில் கோப்பைகளைக் கம்பளித் துணியில் பொதிந்து, பெட்டி பெட்டியாகப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா" என்று என் தொடையில் அறைந்தாள். மண்டபத்தில் கமிட்டிப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெந்நீர் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. டாஃப்னியின் மகளும் வந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒண்ணும் இல்ல, இந்தக் கப்பெல்லாம் சோடாவுல ஊற..."

"பொய்" என்றாள் வெர்னா. "எனக்குக் காது கேக்கல. ஒரு வருஷமா கேக்கல. நல்ல கப்பையெல்லாம் கீறல் விட்டுதுன்னு நெனைச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஒண்ணும் உடையல, எல்லாம் இங்க இருக்கு." சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். "எடுத்துக்கோ டாஃப்னி. ஆனா நான் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டுப் போறேன். உன் பொண்ணு கல்யாணம்."

எனக்கு அவளைக் கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. வெர்னா முதல் கோப்பையை எடுத்தாள், கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்தாள், சுண்டினாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "யாருக்கு ஃபோன் போடற வெர்னா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வெர்னாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டதோ இல்லையோ, அவள் நிறுத்தவில்லை. பெட்டியில் வந்ததை முடித்தாள். பிறகு அலமாரியில் மிச்சமிருந்ததை எடுக்க ஆரம்பித்தாள். சிரிப்பு தானாக அடங்கியது.

பாதியில் ஒரு கோப்பையைச் சுண்டினாள், நின்றாள். மறுபடி சுண்டினாள். டாஃப்னியிடம் நீட்டினாள்.

டாஃப்னி அதை வாங்கிச் சுண்டினாள். 'டொக்'. எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் அத்தோடு விடவில்லை. பாய்லர் குழாயைத் திறந்து கோப்பை நிறையக் கொதிக்கிற தண்ணீரைப் பிடித்து மேஜையில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கோப்பையின் அடியில் மேஜைத்துணி மெல்ல நனைந்தது. டாஃப்னி அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

டாஃப்னி மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. சாவியை மேஜை மேல் வெர்னா பக்கமாகத் தள்ளினாள்.

"கல்யாணத்தன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துரு" என்று மண்டபம் அதிரக் கத்தினாள். "எல்லாத்தையும் இன்னொரு தடவை பாரு!"

"எதுக்குக் கத்தறே" என்றாள் வெர்னா. "நல்ல கப்புலயும் கீறல் விட்டுரப் போவுது."

வீட்டுக்கு நான்தான் கொண்டுவந்து விட்டேன். வழியெல்லாம் சாவியைப் பைக்குள் போட்டாள், எடுத்தாள், போட்டாள். உள்ளே போனோம். ஆல்பி அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். வெர்னாவைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். எனக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது. அவள் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி அலமாரியைத் திறக்கப் போனாள். அவன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். வெர்னா அலமாரிக் கதவில் வைத்த கையை எடுத்தாள்.

விறுவிறுவென்று அவனிடம் போனாள். எட்டி, தன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பை அவன் தாடையில் வைத்து அழுத்தினாள். அக்கா நிற்கிறாளே என்று என் தம்பிக்கு முகமெல்லாம் சிவந்துபோனது.

"இப்ப சொல்லு" என்றாள்.

"டீ போடட்டுமான்னு கேட்டேன்."

"எப்பலேருந்து இதைக் கேக்கறே?"

"தெனமும்தான் கேக்கறேன்."

அவள் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை, நான் வாசற்படியில் கிடந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

"போடு" என்றாள்.